கடலோரத்தில் மனை வாங்குமுன்: காலாப்பட்டு முதல் தேவனாம்பட்டினம் வரை

புதுச்சேரிக் கடலோரத்தில் ஒரு மனையோ வீடோ வாங்கிப் போடலாம் என்ற ஆசை சென்னைக்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் வருவது புதிதில்லை. சனி ஞாயிறு வந்து தங்கலாம், மற்ற நாளில் வாடகைக்கு விடலாம், ரிட்டயர் ஆனதும் இங்கேயே வந்துவிடலாம் என்று மூன்று கனவையும் ஒரே மனையின் தலையில் ஏற்றிக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். வரட்டும். ஆனால் இந்தக் கரையில் விலை பேசுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய கோடுகள் மூன்று இருக்கின்றன. மாநில எல்லை ஒன்று, அரசு வரைபடத்தில் கடலுக்குப் போட்டிருக்கும் கோடு ஒன்று, கடல் தானே அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருக்கும் கோடு இன்னொன்று. மூன்றிலும் உங்கள் மனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நேரில் போய் நின்றால் மூன்றில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சிக்கல்.

எந்த அரசாங்கம் என்று முதலில் கேளுங்கள்

புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. சென்னையிலிருந்து இசிஆரில் வரும்போது கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி எல்லாம் புதுச்சேரி. அதைத் தாண்டினால் பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி, கோட்டக்குப்பம், இவை தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அப்புறம் முத்தியால்பேட்டையில் மறுபடி புதுச்சேரி. தெற்கே வீராம்பட்டினம், நல்லவாடு, நரம்பை என்று போய் முள்ளோடையோடு புதுச்சேரி முடிந்து கடலூர் மாவட்டம் தொடங்குகிறது. விளம்பரத்தில் எல்லாமே 'பாண்டி பீச்' தான். கோட்டக்குப்பத்து மனையைப் பாண்டி மனை என்று விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, ஊர்க்காரர்களே பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பதிவு அலுவலகம், கட்டட அனுமதி, வரி, மின்சாரம், வழக்கு வந்தால் போக வேண்டிய கோர்ட் எல்லாமே மாறிவிடும்.

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் பதிவுச் செலவை அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பின்மேல், அல்லது பத்திரத்தில் போடும் விலை அதைவிட அதிகம் என்றால் அந்த விலையின்மேல், முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டா, புலப்படம், வில்லங்கம் எல்லாம் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். புதுச்சேரிப் பக்கம் கட்டண விகிதமே வேறு, பெண்கள் பெயரில் வாங்கினால் சலுகை உண்டு, வழிகாட்டி மதிப்பை அங்கே ஜிஎல்ஆர் என்பார்கள். நில ஆவணங்களுக்கு 'நிலமகள்' என்ற தளம் இருக்கிறது. மனைப்பிரிவு அங்கீகாரத்தைத் தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி கொடுக்கும், புதுச்சேரியில் நகரத் திட்டக் குழுமமான பிபிஏ. டிடிசிபி நம்பரைக் காட்டிப் புதுச்சேரி மனையை விற்க வந்தாலோ, பிபிஏ என்று சொல்லி கோட்டக்குப்பத்தில் மனை காட்டினாலோ அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அளவிலும் இதே கதை. புதுச்சேரிப் பழைய பத்திரங்களில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கணக்கு வரும். ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர், நூறு சென்டியார் ஒரு ஆர். அதோடு குழி. புதுச்சேரிக் குழி 576 சதுர அடி, எல்லையைத் தாண்டிய தமிழ்நாட்டுக் குழி 144 சதுர அடி. எல்லை ஓரத்து ஊர்களில் 'பத்துக் குழி இருக்கு சார்' என்று வாயால் சொல்லும்போது எந்தக் குழி என்று கேட்காவிட்டால் நாலு மடங்கு வித்தியாசத்தில் ஏமாந்துபோவீர்கள். எதையும் சதுர மீட்டருக்கு மாற்றி எழுதி வாங்குங்கள். கூடவே, ஒரே இடத்துக்கு மறு அளவையில் கொடுத்த புதிய ஆர்.எஸ். நம்பர் ஒன்றும் பிரெஞ்சுக் காலத்து நில அளவையின் கடாஸ்தர் நம்பர் ஒன்றும் இருக்கும். இரண்டும் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒரே சங்கிலியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கடல் போட்டுக்கொண்டிருக்கும் கோடு

இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே நகரும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களைக் கட்டியபோது அந்த மணல் ஓட்டம் தடைப்பட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்குப் பக்கம் வரவு நின்றுபோனது. காந்தி சிலைக்கு முன்னால் இருந்த மணல்வெளி போய்க் கருங்கல் தடுப்பு வந்தது அப்படித்தான். கல்லைப் போட்ட இடத்தில் அரிப்பு நின்றது, கல் முடிந்த இடத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கல்லைப் போட்டார்கள், அதற்கு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக வடக்கே ஏறியிருக்கிறது.

தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு வைத்த பிறகு அந்த இடத்தில் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது உண்மை. அதைக் காட்டி 'பீச்சு திரும்ப வந்துடுச்சு சார்' என்று பொம்மையார்பாளையத்து மனையை விற்கப் பார்ப்பார்கள். அது வேறு இடம், இது வேறு இடம்.

என்ன செய்யலாம்? செயற்கைக்கோள் படத்தில் பழைய ஆண்டுகளுக்குப் போய்ப் பார்க்கும் வசதி கூகுள் எர்த்தில் இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் மனையிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை 2004, 2012, 2018 என்று கிடைக்கிற ஆண்டுகளுக்கெல்லாம் தூரம் அளந்து எழுதுங்கள். ஒரே மாதத்துப் படங்களாக ஒப்பிட வேண்டும், ஏனென்றால் மார்கழிக் கரையும் ஆனிக் கரையும் ஒன்றில்லை. அப்புறம் அந்த ஊர்க் கரைக்கு நடந்து போங்கள். வேரோடு சாய்ந்து கிடக்கும் தென்னை, பாதியில் அறுந்து தொங்கும் சிமெண்ட் ரோடு, தண்ணீருக்குள் நிற்கும் கிணற்று உறை, இவையெல்லாம் வரைபடத்தைவிடத் தெளிவாகப் பேசும். வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் 'ஐயா, போன வருசம் தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு?' என்று கேட்டால் கையை நீட்டி ஒரு மரத்தையோ ஒரு வீட்டுத் திண்ணையையோ காட்டுவார். படகை நிறுத்த இடம் சுருங்கினால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போடப் போகிறார்கள், அதனால் இனி பயமில்லை என்ற பேச்சும் காதில் விழும். போட்டால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். உங்கள் மனை வளைவுக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இப்படியெல்லாம் பார்த்தால் துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினம், சின்ன வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமாக இருக்கிறது. சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடித் தரச் சான்று கிடைத்த பிறகு அந்தப் பக்கத்து விலையும் அதற்கேற்ப ஆகாயத்தில்தான் நிற்கிறது. அங்கே அரிப்பைவிட ஆறுகள்தான் பிரச்சினை, அதைக் கீழே சொல்கிறேன்.

அரசு வரைபடத்துக் கோடு

கடலோர ஒழுங்குமுறை மண்டலம், ஊர் வழக்கில் சிஆர்இசட். 1991-இல் முதல் அறிவிக்கை, 2011-இல் இரண்டாவது, 2019-இல் மூன்றாவது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இதன் பிடி இருக்கிறது. உயர் அலைக் கோடு என்பது நீங்கள் போன அன்று ஈரமாக இருந்த மணல் அல்ல, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் அளந்து வரைபடத்தில் போட்ட கோடு. புரோக்கர் காலடி வைத்து அளந்து காட்டும் 'இருநூறு மீட்டர்' எங்கேயும் செல்லாது.

புதுச்சேரி நகரம் போல ஏற்கெனவே கட்டடங்கள் நெருங்கிய பகுதி இரண்டாம் வகை. அங்கே பழைய ரோட்டுக்கோ பழைய அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கம் இருந்தால் விதிகளுக்கு உட்பட்டுக் கட்டலாம், கடல் பக்கம் முடியாது. கிராமப்புறம் மூன்றாம் வகை. 2011 விதிப்படி அதில் முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி, வெளியூர்க்காரர் அங்கே புதிதாக வீடு கட்ட முடியாது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்த ஊர்களுக்கு இதை 2019 அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் புதிய அறிவிக்கைப்படி தயாரித்த வரைபடம் ஒப்புதலாகி இருந்தால்தான் அந்தக் குறைப்பு செல்லும். அதனால் யாராவது 'இப்போ வெறும் அம்பது மீட்டர்தான் சார்' என்றால், எந்த ஆண்டு அறிவிக்கையின் வரைபடம், அதில் இந்தச் சர்வே நம்பர் எந்த வகையில் விழுகிறது, அந்தத் தாளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மணல் மேடு, சதுப்புக் காடு இருந்தால் அது முதல் வகை, அதைத் தொடவே வேண்டாம். பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் தண்ணீரோரம் மனை என்று வரும் விளம்பரங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். சுண்ணாம்பாறு, உப்பனாறு மாதிரி கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறுகளின் கரைக்கும் தடை உண்டு, கடலே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் உங்கள் சர்வே நம்பரை 1:4000 அளவு வரைபடத்தில் பொருத்தித் தரச் சொல்லி வாங்கலாம். செலவாகும். மனை விலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு 2019 அறிவிக்கை உள்ளாட்சி மட்டத்திலேயே அனுமதி தர இடம் கொடுக்கிறது. ஆனால் உள்ளாட்சியும் சிஆர்இசட் விதியைப் பார்த்துத்தான் தர வேண்டும், வாடகைக்கு விடக் கட்டும் காட்டேஜ் அந்தச் சலுகையில் வராது.

'பக்கத்திலேயே ரிசார்ட் கட்டியிருக்கான் பாருங்க, அவனுக்கு வராத பிரச்சினையா உங்களுக்கு வந்துடப் போகுது' என்பது இந்தக் கரையில் அதிகமாகச் சொல்லப்படும் வசனம். அவன் 1991-க்கு முன்பு கட்டியிருக்கலாம், அனுமதி வாங்கியிருக்கலாம், அல்லது அவன் மேல் வழக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். கொச்சி மரடில் ஆட்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடங்களையே உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தது இதே சட்டத்தின் பெயரில்தான்.

தாள்கள்

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரங்கள்தான் வரும். நிலம் அரசுப் புறம்போக்கா, கோயில் நிலமா, வக்பு நிலமா என்று அது சொல்லாது. தமிழ்நாட்டுப் பக்கம் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே நம்பர் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வழிகாட்டி மதிப்பில் பூஜ்ஜியம் என்று இருந்தால் அங்கேயே சிவப்பு விளக்கு. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பஞ்சமி நிலங்களும் உண்டு, பட்டியல் சாதியினர் அல்லாதவருக்குக் கைமாறினால் செல்லாது. அரசு ஒப்படையாகக் கொடுத்த மனை, 2004 சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களுக்குக் கொடுத்த வீடு, இவற்றுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உண்டு. தேவனாம்பட்டினம் போன்ற இடத்தில் கடலோரம் சல்லிசாக ஒரு வீடு வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதுதான்.

புதுச்சேரியில் கேட்க வேண்டிய முக்கியமான தாள் செட்டில்மெண்ட் நகல். நில அளவையின்போது யார் பெயரில் பதிவானது என்பது அதில் இருக்கும். அந்தப் பெயரிலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை இடையில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. இங்கே இரண்டு ஊர்ச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, பங்காளிகளில் பாதிப் பேர் பிரான்சில் இருப்பார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டையும் காலி மனையையும் போலி உயில், போலிப் பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து விற்பது புதுச்சேரியில் பழகிப்போன மோசடி. கோயில் நிலத்துக்கே போலிப் பத்திரம் போட்ட வழக்கில் 2023-இல் அதிகாரிகள்வரை கைதானார்கள். அதனால் பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ அழைப்பிலாவது முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், ஆள் இறந்துபோனால் பவரும் போயிற்று. பிரான்சில் எழுதிய பவர் என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல், பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்ட சில குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு, அப்பா ஒருவருக்கே எழுதிவைத்தது அப்படியே நிற்காமல் போகலாம். உங்கள் சென்னை வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, புதுச்சேரிக் கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்தும் ஒரு வக்கீலிடம் தனியாகக் கருத்து வாங்குங்கள். விற்பவர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம்.

மனைப்பிரிவு என்றால், அங்கீகாரம் இல்லாத மனையை வீட்டுமனையாகப் பதிவு செய்ய முடியாது என்று தமிழ்நாட்டில் 2016-இல் வந்த தடைக்குப் பிறகு சிலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். 'ஃபார்ம் லேண்ட்', 'பீச் தோப்பு' என்று பெயர் வைத்துச் சவுக்குத் தோப்பைப் பத்துப் பத்து சென்டாகப் பிரித்து விவசாய நிலமாகவே பதிந்து கொடுப்பது. பதிவாகும். வீடு கட்ட அனுமதி கிடைக்காது. மரக்காணம் பக்கம் இந்த வியாபாரம் ஜோராக நடக்கிறது. அங்கே கழுவேலிச் சதுப்பு நிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: என்ஆர்ஐ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்காரர் யாரும் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்கவே முடியாது. ஐநூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீட்டுக்கு மேற்பட்ட குடியிருப்பும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரேராவில் பதிந்திருக்க வேண்டும், அந்தந்த மாநில ரேராவில். ஆரோவில் பக்கத்திலேயே என்று விற்பவர்களிடம், ஆரோவில் திட்ட வட்டத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள். நடுவிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் வரை அந்த வட்டம். ஆரோவிலுக்குள்ளேயே வீடு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், அங்கே யாருக்கும் சொந்த வீடு கிடையாது, சொத்தெல்லாம் அறக்கட்டளைக்குத்தான்.

தண்ணீர், இரண்டு விதத்திலும்

இடத்தை ஐப்பசி கார்த்திகையில் பாருங்கள், கிணற்றைச் சித்திரை வைகாசியில் பாருங்கள். எல்லோரும் மாற்றித்தான் செய்கிறார்கள். கோடையில் வந்து காய்ந்த மணலையும் நீலக் கடலையும் பார்த்து மயங்கி, மழைக்குப் பிறகு போர் போட்டுத் தண்ணீர் இனிக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் முழங்காலுக்கு மேல் நின்றன. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரிலும் பாகூர்ப் பக்கமும் புகுந்தது. மழை நின்று வானம் வெளுத்த பிறகு வந்த வெள்ளம் அது. கடலூர்க்காரர்களுக்குக் கெடிலமும் தென்பெண்ணையும் 2015-லேயே இதைக் காட்டிவிட்டன. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் சேர்த்து, மூன்றிலும் இந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது, கரண்ட் எத்தனை நாள் இல்லை என்று அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டில் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் உண்மையைச் சொல்வார். சொந்த வீட்டுக்காரர் விலை குறைந்துவிடுமோ என்று மெல்லுவார். சுவரில் ஈரம் நின்ற கறை இருக்கும், புது பெயிண்ட் அடித்த வீடுகளில் கீழ் மூன்றடியைக் கவனியுங்கள். எல்லா ரோட்டையும் உயர்த்தி உயர்த்திப் போடுவதால் பழைய வீடுகளின் தரை ரோட்டைவிடத் தாழ்ந்துபோயிருக்கும், அதையும் பாருங்கள்.

குடிநீருக்கு, கோடையில் எடுத்த போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் மாடித்தொட்டிக் குழாய்கூட வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கவே கட்டுப்பாடு உண்டு. அதனால் 'நீச்சல் குளத்தோடு பீச் வில்லா' என்றால் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பதில் தப்பில்லை. கடலூருக்குத் தெற்கே சிப்காட் பக்கம், குடிகாடு, இராசாப்பேட்டை ஒட்டிய இடங்களில் உப்பை மட்டும் பார்த்தால் போதாது, ரசாயனச் சோதனையும் செய்ய வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கும்போது நாற்றம் வருகிறது என்று இரவில் போய் நின்று பாருங்கள். அந்தப் பக்கம் விலை குறைவாக இருப்பது சும்மா இல்லை.

கட்டிய வீடா, கட்டப்போகும் வீடா

கட்டிய வீட்டை வாங்கினால் கிரில்லைத் தொட்டுப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் பெயிண்டோடு துரு அப்பளமாக உரிந்து வரும். அதைவிட முக்கியம் மேற்கூரை. சன்ஷேட் அடியில், பால்கனி விளிம்பில், தூண் மூலையில் கம்பி போகும் வழியே நேர்கோடாக விரிசல் ஓடினால் உள்ளே கம்பி துருவேறி ஊதுகிறது என்று அர்த்தம். பூசி மறைத்திருந்தால் சுத்தியலால் தட்டுங்கள், பொள்ளல் சத்தம் வரும். விற்பவர் முகம் மாறினால் மாறட்டும்.

புதிதாகக் கட்டினால், கடலோரக் காற்றுபடும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரமும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் இந்தியத் தரம் கேட்கிறது. அலைச் சாரல் நேரடியாகப் படும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர். ஊர் மேஸ்திரி சென்னைக் கணக்கில் 25 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைப்பார், நீங்கள் பக்கத்தில் நின்றால்தான் மாறும். கடல் மணல் ஒரு சட்டிகூட உள்ளே வரக் கூடாது. ஸ்டீல் கைப்பிடி என்றால் 316 தரம்தான் வேண்டும். 304 தரம் போட்டால் ஒரு வருடத்திலேயே தேநீர்க் கறை போலப் பழுப்பு இறங்கும். ஏசியின் வெளி யூனிட்டைக் கடலுக்கு முதுகு காட்டி வையுங்கள். தானேயில் பறந்தது பெரும்பாலும் ஷீட்டுக் கூரைகள்தான், மொட்டை மாடியில் அழகுக்கு ஷீட் போடும் ஆசையை விட்டுவிடலாம்.

வாடகைக் கனவு

வாரக் கடைசியில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்து மாதம் முழுக்கப் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து, பக்கத்து ஹோம்ஸ்டேக்களில் எத்தனை கார் நிற்கிறது என்று பாருங்கள், நவம்பரில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை. சுற்றுலாத் துறைப் பதிவு, உள்ளாட்சி உரிமம் இல்லாமல் நடத்துவது நாலு நாள்தான் ஓடும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், மின்சாரக் கட்டணம் வணிக விகிதத்துக்கு மாறும். நீங்கள் பெங்களூரில் இருக்க, இங்கே சாவியைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளம், மாதாமாதம் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் செலவு இரண்டையும் கழித்த பிறகு என்ன நிற்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால், வாடகையே வராவிட்டாலும் வைத்துக்கொள்ள முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

மீனவக் கிராமத்தை ஒட்டி வாங்குகிறீர்கள் என்றால் பதிவுக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். படகு ஏற்றும் வழி, வலை உலர்த்தும் இடம், மாசிமகத்துக்குச் சாமி கடலுக்கு வரும் பாதை எதுவும் பட்டாவில் இருக்காது, ஆனால் அதன் குறுக்கே வேலி போட்டால் வேலியும் நிற்காது, நிம்மதியும் இருக்காது.

பணம் கொடுக்கும்போது

அக்ரிமென்டைப் பதிவு செய்யுங்கள், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு விடாதீர்கள். சிஆர்இசட் வகை, அங்கீகார எண், சர்வேயர் அளந்து வரும் பரப்பு, இவை விற்பவர் சொன்னபடி இல்லாவிட்டால் முழு அட்வான்ஸும் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். அதை எழுத ஒருவர் தயங்கினால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ போனால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரி பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் ஐம்பது லட்சத்துக்குக் கீழேயும் வரி பிடிக்க வேண்டும், விகிதமும் பல மடங்கு, பிடிக்காவிட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். புதுச்சேரியில் விற்பவர்களில் நிறையப் பேர் பிரான்சில் இருப்பதால் இதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முன்பு அரசு சர்வேயரை வைத்து நாலு மூலையிலும் கல் நட்டு, பக்கத்து மனைக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, கல்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். மணலில் நட்ட கல் ஒரு மழைக்குச் சாயும், இரண்டடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு நடச் சொல்லுங்கள். பதிவு முடிந்த கையோடு பட்டா மாற்றத்துக்கும் வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கும் மனுவைக் கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டுதான் ஊருக்கு பஸ் ஏற வேண்டும்.